349 சிசி: ஒரு கொல்கத்தா நாட்குறிப்பு

செப்டம்பர் 17, 2025, புதன்

விஸ்வகர்மா பூஜை. தமிழ்நாட்டில் ஆயுத பூஜைக்கு நடப்பதெல்லாம் கொல்கத்தாவில் இன்றைக்கே நடக்கிறது. பஸ் டிப்போ, லேத் பட்டறை, அச்சகம், ரிக்‌ஷா ஸ்டாண்டு என்று எங்கே பார்த்தாலும் யானை மேல் அமர்ந்த விஸ்வகர்மா. வானம் முழுக்கப் பட்டம். புது வண்டி எடுக்க இதைவிட நல்ல நாள் இல்லை என்று ஷோரூம் பையன் காலையிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருக்கிறான்.

லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நண்பர் அசையவில்லை. ஐம்பதைத் தொடப்போகிறவர், டல்ஹவுசியில் வேலை. ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350-க்கு முன்பணம் கட்டியாயிற்று. ஆனால் டெலிவரி 22ஆம் தேதிதான் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறார். காரணம் பஞ்சாங்கத்தில் இல்லை. செப்டம்பர் 3ஆம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், 350 சிசி வரையுள்ள இருசக்கர வாகனங்களின் வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்துவிட்டது. அது அமலுக்கு வருவது 22ஆம் தேதி. 350 சிசி-யைத் தாண்டிய வண்டிகளுக்கோ செஸ்ஸோடு சேர்த்து 31 ஆக இருந்த வரி 40 ஆகிறது. ஒரு சிசி வித்தியாசத்தில் 22 சதவீதப் புள்ளி கூடுதல் வரி!

மீட்டியோர் இன்ஜின் 349 சிசி. விஸ்வகர்மாவைவிட ஜி.எஸ்.டி. கவுன்சில்தான் இந்த மாதம் பெரிய தெய்வம் என்று நண்பர் முடிவு கட்டியதில் நியாயம் இருக்கிறது. 350 சிசி வண்டிகளுக்கு 22,000 ரூபாய் வரை விலை குறையும் என்று கம்பெனியே அறிவித்திருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

நவராத்திரி முதல் நாள். ஷோரூமில் திருவிழாக் கூட்டம். பில்லில் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு தொகை முளைத்திருந்தது. எதற்கு என்று கேட்டதும் சத்தமில்லாமல் காணாமல் போனது. கேட்காதவர்கள் கட்டிவிட்டுப் போகிறார்கள். காப்பீட்டில் கேள்விக்கே இடமில்லை: 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்.

தொலைபேசியில் ஊரிலிருந்து நண்பரின் அம்மா. “எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்திட்டுக் கெளம்புடா. பழம் கிடைக்கும்ல அங்க?” லேக் மார்க்கெட்டில் கிடைக்காத தமிழ்நாட்டுச் சாமான் குறைவு. வாழை இலை, வெற்றிலை, மல்லிகைச் சரம், ஃபில்டர் காபித் தூள் என்று தென்னிந்தியர்களை நம்பியே பல தலைமுறையாக நடக்கும் கடைகள் அங்கே உண்டு. இரண்டு டயருக்கும் ஒவ்வொரு பழம் நசுங்கியது. வங்காளி சேல்ஸ்மேன் அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

வண்டியும் ஒரு வகையில் நண்பருக்கு ஊர்க்காரன்தான். 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கியது என்ஃபீல்டு இந்தியா. ராணுவத்துக்கான 350 சிசி புல்லட்டுகளோடு திருவொற்றியூரில் வளர்ந்தது. இங்கிலாந்துக் கம்பெனி மூடிப்போய்ப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் பெயர் சென்னையில் உயிரோடு இருக்கிறது. இப்போது உற்பத்தியில் பெரும்பகுதி ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும்.

உட்கார்ந்து பார்த்தால் முதலில் தெரிவது உயரம் இல்லாததுதான். இருக்கை 765 மில்லிமீட்டர். நண்பரின் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிகின்றன. அடுத்து தெரிவது எடை. 191 கிலோ. ஓடும்போது அது எங்கே போகிறதென்றே தெரியவில்லை. ஆனால் சந்துக்குள் பின்னுக்குத் தள்ளும்போது கோயில் யானையைப் பாகன் இல்லாமல் நகர்த்துவதுபோல இருக்கிறது. இருபது குதிரைத்திறன் என்று பேப்பரில் படித்தால் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் 27 நியூட்டன் மீட்டர் இழுவிசை 4,000 சுற்றிலேயே வந்துவிடுவதால், மூன்றாவது கியரில் ஆட்டோவுக்குப் பின்னால் ஊர்ந்தாலும் இன்ஜின் முனகுவதில்லை. கொல்கத்தாவுக்கு வேண்டியது குதிரைத்திறனைவிட இதுதான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

நள்ளிரவுக்குப் பிறகு பிடித்த மழை. விடியற்காலை மூன்று மணிக்கு வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டினார். கீழே காரேஜில் தண்ணீர் சக்கரத்தின் அச்சைத் தொட்டுக்கொண்டிருந்தது.

24 மணி நேரத்துக்குள் நகரில் பெய்தது 251.4 மில்லிமீட்டர். 1986-க்குப் பிறகு கொல்கத்தா ஒரே நாளில் இவ்வளவு மழையைப் பார்த்ததில்லை. அதிலும் பெரும்பங்கு விடியலுக்கு முன் சில மணி நேரத்தில் கொட்டியது. கரியா பக்கம் 332 மி.மீ. பதிவானது. வங்காளத் தாழ்நிலத்தில், ஹூக்ளி நதியின் ஓதத்தைப் பார்த்துத்தான் தண்ணீரை வெளியேற்ற முடியும் என்கிற ஊரில், இவ்வளவு மழையும் போக இடமில்லாமல் தெருவிலேயே நின்றுவிட்டது.

அடுத்த வீட்டு வங்காளிக் குடும்பத்தின் வாசலில் ஒரு ‘ரோக்’ இருக்கிறது: திண்ணைதான், கொஞ்சம் உயரம் கூட. தெருமுனையில் துர்கா பூஜைப் பந்தலுக்காக அடுக்கியிருந்த பலகைகளில் இரண்டை உருவிச் சாய்வாகப் போட்டார்கள். நண்பர் ஹேண்டிலைப் பிடிக்க, வாட்ச்மேனும் பந்தல்காரர்கள் இருவரும் பின்னால் தள்ள, பக்கத்து வீட்டுப் பெரியவர் டார்ச் அடித்துக்கொண்டு வழி சொன்னார். பலகை வழுக்கியது. வண்டி ஒரு தடவை பின்னுக்கு வந்து, பிறகு ஏறியது. நண்பரின் கை தன்னையறியாமல் ஸ்டார்ட் பொத்தானுக்குப் போனதைப் பார்த்துப் பந்தல்காரர் ஒருவர் கத்தினார்: “தாதா, ஸ்டார்ட் கொர்பேன் நா!” (அண்ணா, ஸ்டார்ட் பண்ணாதீங்க!)

அவர் சொன்னதில் முழு இன்ஜினியரிங் இருக்கிறது. இன்ஜின் சிலிண்டருக்குள் போகவேண்டியது காற்றும் பெட்ரோலும். அவை அமுங்கும்; தண்ணீர் அமுங்காது. ஏர் ஃபில்டர் வழியாகவோ சைலன்சர் வழியாகவோ தண்ணீர் உள்ளே போயிருக்கும்போது செல்ஃப் பொத்தானை அமுக்கினால், பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டும். கனெக்டிங் ராடு வளையும். ஐம்பது ரூபாயில் முடிய வேண்டிய வேலை ஐம்பதாயிரத்தில் போய் நிற்கும். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் கெட்டால், தனியாக இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை வாங்கியிருந்தாலொழிய, காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் கையை விரித்துவிடுகின்றன.

மதியம் தெரு மெக்கானிக் வந்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். உலர்ந்திருந்தது. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆயில் கண்ணாடியில் பால் நிறம் தெரிகிறதா என்று பார்த்தார், இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகுதான் பொத்தான். முதல் அமுக்கலிலேயே அந்தச் சத்தம் வந்தது. டக்-டக்-டக்.

இந்த மழையில் நகரிலும் சுற்றுப்பகுதியிலும் குறைந்தது பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து. இரண்டு லட்சம் ரூபாய் வண்டிக்காக இருட்டில் தண்ணீருக்குள் இறங்கலாமா என்று யாராவது கேட்டால், கூடாது என்பதுதான் பதில்.

அக்டோபர் 1, புதன்

மகாநவமி, ஆயுத பூஜை. வண்டிக்குச் சந்தனம், குங்குமம், பொரி, கடலை. ஓட்டத்துக்கு இடமில்லை. தேசப்பிரிய பார்க், திரிதாரா, மேடாக்ஸ் சதுக்கம் என்று சுற்றிலும் பந்தல்கள். ராஷ்பெஹாரி அவென்யூவில் சாலையே தெரியாமல் ஜனம். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய திருவிழா இது, அதற்குள் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை. பந்தல்காரர்களின் பலகை பந்தலில் ஏறிவிட்டது என்பதை மட்டும் நண்பர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அக்டோபர் 8, புதன்

இன்றுதான் முறையாக அலுவலகத்துக்கு வண்டியில். ராஷ்பெஹாரி, ஹாஜ்ரா, எக்சைடு, சௌரங்கி, எஸ்பிளனேடு, டல்ஹவுசி. சிக்னல்களில் ரவீந்திர சங்கீதம் ஒலிக்கிறது. கீழே இன்ஜின் சூடு வலது முழங்காலுக்கு ஏறுகிறது. காற்றும் ஆயிலும் குளிர்விக்கும் இன்ஜின், நிற்கும்போது காற்றுக்கு எங்கே போகும்?

பெரிய எச்சரிக்கை டிராம் தண்டவாளம். 1873-இல் குதிரை இழுத்த டிராம், 1902-இல் மின்சாரத்துக்கு மாறியது. எஸ்பிளனேடு - மைதான் வழித்தடம் தவிர மற்றதை நிறுத்துவதாக 2024 செப்டம்பரில் அரசு அறிவித்தது. டிராம் நின்றாலும் பல சாலைகளில் தண்டவாளம் கிடக்கிறது. மழைத் தூறலில் அந்த இரும்பு எண்ணெய் பூசியது மாதிரி ஆகிவிடும். தண்டவாளத்தை ஒட்டியே போய் மெல்லச் சாய்ந்து கடந்தால் டயர் வழுக்கும், சில இடத்தில் பள்ளத்தில் இறங்கும். முடிந்தவரை நேர்க்குறுக்காக, பிரேக்கைத் தொடாமல் கடக்க வேண்டும். ஏ.பி.எஸ். இதில் காப்பாற்றாது; அது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும், அவ்வளவுதான்.

பட்ட நூல் இன்னொன்று. 2015-இல் திறந்த மா மேம்பாலத்தில் கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா கழுத்தில் அறுத்துக் காயம்பட்ட பைக்காரர்கள் பலர். நைலான் மாஞ்சாவைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுக்கத் தடை செய்தது; பாலத்தின் ஓரத்தில் வேலியும் போட்டார்கள். நண்பர் அந்தப் பாலத்தில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி, கழுத்துக்கு ஒரு தடித்த துணியும் சுற்றிக்கொள்கிறார். புழுக்கத்தில் வேர்த்து ஊற்றினாலும் அதை அவிழ்ப்பதில்லை.

ஓர் உண்மையையும் எழுதிவிட வேண்டும். காளிகாட் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி எஸ்பிளனேடில் மாறினால் மகாகரண் ஸ்டேஷன் அலுவலகத்துக்கு அருகிலேயே வந்துவிடுகிறது. ஏசி. சட்டை கசங்காது. நெரிசல் நேரத்தில் மோட்டார் சைக்கிள் அதை வெல்வதில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

வித்யாசாகர் சேது. 1992-இல் திறந்த பாலம், 823 மீட்டர், கேபிள்களில் தொங்குகிறது. அதைக் கடந்து, மேம்பாலப் பணியால் கலைந்து கிடக்கும் கோனா எக்ஸ்பிரஸ்வேயைப் பொறுத்துக்கொண்டு தாண்டினால், தேசிய நெடுஞ்சாலை 16. கரக்பூர், பாலசோர், புவனேஸ்வர், விசாகப்பட்டினம், விஜயவாடா, நெல்லூர் வழியாக 1,700 கிலோமீட்டர் ஓடிச் சென்னையில் போய் முடிகிற சாலை. இந்த வண்டியும் லாரியில் ஏறி அநேகமாக இதே வழியில்தான் வந்திருக்கும்.

ரன்னிங்-இன் காலம் என்பதால் முறுக்கவில்லை. 70-இல் போகும்போது ஹேண்டிலில் அதிர்வு கிட்டத்தட்ட இல்லை. பழைய புல்லட்டில் கை மரத்துப்போன அனுபவமுள்ளவர்களுக்கு இது நம்ப முடியாத விஷயம். இன்ஜினுக்குள் அதிர்வைச் சமன்செய்யும் பேலன்சர் ஷாஃப்ட் சேர்த்ததன் பலன். டோல் பூத்தில் நிற்க வேண்டியதில்லை, தேசிய நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்துக்குச் சுங்கம் கிடையாது.

கோலாகாட்டுக்குச் சற்று முன்னால் தேவுல்டி. நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் திரும்பினால் சாம்தாபேர் கிராமத்தில் சரத்சந்திரரின் வீடு. தேவதாஸை எழுதியவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த, பர்மிய சாயலில் கட்டிய மாடி வீடு, ரூப்நாராயண் நதியோரம். தமிழில் அவரை வாசித்து அழுத தலைமுறை ஒன்று உண்டு. பஸ்ஸில் வந்திருந்தால் நண்பர் நெடுஞ்சாலையிலேயே தாண்டிப் போயிருப்பார். இரண்டு சக்கரம் போகிற சின்னப் பாதையில் நின்று, யாரையாவது கேட்டு, தவறான சந்தில் நுழைந்து, திரும்பி வந்து சேர்வது மோட்டார் சைக்கிளில்தான் சுகம். கோலாகாட்டில் அனல் மின்நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்தபடி டீ. திரும்பும்போது ஓடோமீட்டரில் 500 கிலோமீட்டர் நெருங்கிவிட்டது. முதல் சர்வீஸுக்கு நேரம்.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்று விடியலில் கிளம்பி தீகா. 185 கிலோமீட்டர் சுமார். கோலாகாட் தாண்டி ஹால்டியா சாலை, நந்தகுமார், காந்தி வழியாகக் கடல். காந்தி என்பது ஊர்ப்பெயர், மகாத்மா இல்லை. ஆங்கிலத்தில் கண்டாய் என்று எழுதுகிறார்கள். ஏப்ரல் 30ஆம் தேதி திறந்த ஜெகந்நாதர் கோயிலுக்குப் பிறகு தீகாவில் கூட்டம் இரட்டிப்பு என்கிறார்கள் ஓட்டல்காரர்கள். வாகனம் நிறுத்தத்தான் திண்டாட்டம். அங்கேதான் இரு சக்கரத்தின் அருமை தெரிகிறது.

80, 85-இல் நாள் முழுக்க ஓட்டலாம். நூறுக்கு மேல் இன்ஜின் சிரமப்படுவது காதில் கேட்கிறது. ஓவர்டேக் செய்ய முன்கூட்டியே திட்டமிட வேண்டும். 15 லிட்டர் டேங்க், நெடுஞ்சாலையில் லிட்டருக்கு முப்பதுக்கு மேல், கொல்கத்தாவில் பெட்ரோல் லிட்டர் 105 ரூபாய். கால்களை முன்னால் நீட்டி உட்காரும் அமைப்பால் பள்ளம் விழுந்தால் அடி நேராக முதுகெலும்புக்கு. எழுந்து நின்று சமாளிக்க வழியில்லை. நந்தகுமாருக்கும் காந்திக்கும் இடையே ஒட்டுப்போட்ட சாலையில் நண்பர் அதை நிறைய அனுபவித்தார். நாற்பதைத் தாண்டியவர்கள் வாங்கும் முன் டெஸ்ட் ரைடை மோசமான தெருவில் கேட்டு வாங்க வேண்டும். ஷோரூம் வாசல் தார்ச்சாலை எதையும் சொல்லாது.

கொல்கத்தாவுக்குள் மட்டுமே ஓட்டப்போகிறவருக்கு இது தேவைக்கு மேல் எடை, தேவைக்கு மேல் விலை. ஒரு 125 சிசி வண்டியும் மெட்ரோ அட்டையும் போதும். மாதத்தில் ஒரு ஞாயிறாவது வித்யாசாகர் சேதுவைத் தாண்டுகிறவர் தாராளமாக வாங்கலாம். வாங்கும்போது காப்பீட்டில் இன்ஜின் பாதுகாப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஷோரூமில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.