வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்

2024-ஆம் ஆண்டு குடியரசு தினத்தை ஒட்டி வந்த பத்மஸ்ரீ பட்டியலில் எங்கள் பக்கத்து வாத்தியார் ஒருவர் பெயர் இருந்தது. காரமடை, மேட்டுப்பாளையம் வட்டாரத்துத் தாசம்பாளையத்தைச் சேர்ந்த பத்ரப்பன். அப்போது அவருக்கு வயது 87. வள்ளி ஒயில் கும்மி சொல்லிக் கொடுப்பவர். ஆம்பளைங்க ஆட்டம் என்று இருந்ததற்குள் பெண்களைக் கூட்டி வந்து பழக்கியவர். அதைத்தான் விருதுக் குறிப்பும் முதன்மையாகச் சொன்னது.

எனக்கு அந்தச் செய்தியில் மனசில் நின்றது விருதைவிட அந்த வயதுதான். எண்பது தாண்டிய மனிதரை வீட்டில் நாம் என்ன சொல்கிறோம்? "நீங்க சும்மா உக்காருங்கப்பா, நாங்க பாத்துக்கறோம்." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்தப் பாசத்தில் அவர் கையிலிருக்கும் வேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று போகின்றன. முதலில் பால் ஊற்றப் போவது நிற்கும். அடுத்து தோட்டத்துக்குத் தண்ணி திருப்புவது. பள்ளிக்கூட வேன் வாசலுக்கே வந்த பிறகு பேரனைக் கூட்டிக்கொண்டு போய் விடுகிற வேலையும் போயிற்று. திண்ணையும் இல்லாத வீட்டில் அவர் என்னதான் செய்வார்?

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021-ல் வெளியிட்ட முதியோர் அறிக்கைப்படி, அறுபது வயதைக் கடந்தவர்கள் தமிழ்நாட்டு மக்கள் தொகையில் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். 2031-ல் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என்பது அதே அறிக்கையின் கணிப்பு. எங்கள் தெருவில் நடந்தாலே இது தெரியும். பையன் பெங்களூரு, பெண் கனடா, வீட்டில் இரண்டு பெரியவர்கள், கேட்டில் பூட்டு. அதே தெருக்கோடியில் அரசு நடுநிலைப் பள்ளி. அங்கே படிக்கும் பிள்ளைகளின் அப்பா அம்மா மில்லுக்கும் கம்பெனிக்கும் ஷிப்டு போகிறவர்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அந்தப் பிள்ளைகளை "வா கண்ணு" என்று கூப்பிட ஆளில்லை. இந்த இரண்டு தனிமைக்கும் இடையில் இருநூறு அடி தூரம்கூட இல்லை.

பள்ளிக்கூடங்கள் இதை நினைக்காமல் இல்லை. தாத்தா பாட்டி தினம் என்று ஒன்று வைக்கிறார்கள். நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். சேர் வரிசையாகப் போட்டிருக்கும். பெரியவர்கள் பட்டு வேட்டி, பட்டுச் சேலையில் வந்திருப்பார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து பாதத்தில் தண்ணீர் ஊற்றிப் பூப்போட்டுக் கும்பிடுவார்கள். மைக்கில் யாராவது கூட்டுக் குடும்பத்தின் பெருமையைப் பேசுவார்கள். பலரும் கண்கலங்குவார்கள், அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலைப்பொழுது முழுவதிலும் ஒரு குழந்தை ஒரு பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. அடுத்த நாள் அவர் பழையபடி பூட்டின கேட்டுக்குள்தான். மரியாதை செய்வது வேறு, வேலை கொடுப்பது வேறு. வயசானவர்களுக்கு இங்கே மரியாதை ஓரளவு கிடைக்கத்தான் செய்கிறது. வேலைதான் இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் 2022-ல் கலைத் திருவிழா தொடங்கிய பிறகு கும்மிக்கும் ஒயிலாட்டத்துக்கும் பிள்ளைகளைத் தயார் பண்ண வேண்டியிருந்தது. யூடியூபில் பார்த்துச் சொல்லிக் கொடுத்தால் கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போகிறது. தலைமையாசிரியை பக்கத்துக் கிராமத்திலிருந்து கும்மி வாத்தியார் ஒருவரைக் கூப்பிட்டார். எழுபதைத் தாண்டியவர். வாழ்நாள் பூராவும் தோட்ட வேலை, ராத்திரியில் கும்மி. போட்டி முடிந்ததும் அனுப்பி வைக்காமல், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை அவருக்கென்றே ஒதுக்கிவிட்டார். அந்த அம்மாவின் யோசனையில் எனக்குப் பிடித்தது இந்த இடம்தான்.

கும்மிக்கு மேடை வேண்டாம், திரை வேண்டாம். சலங்கை கட்டி வட்டமாக நின்றால் போதும். வாத்தியார் ஒரு அடி பாடுவார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். தப்பாகக் கால் வைத்தவனைத் தனியாக நிற்க வைத்துத் திட்டுகிற வழக்கம் இதில் கிடையாது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், தப்பினவன் அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். கிராமங்களில் ஒன்றிரண்டு மாதம் சாயங்காலம் சாயங்காலம் பழகி, அப்புறம் ஊர்கூட அரங்கேற்றம் வைப்பார்கள். பாட்டி, மருமகள், பேத்தி மூன்று பேரும் ஒரே நிறத்துச் சேலையில் ஒரே வட்டத்தில் ஆடுவதை எங்கள் பக்கத்தில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

பள்ளி விழாவுக்காக வள்ளி கதைக்கு வேடமும் கட்டியிருந்தார்கள். தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் முருகன் முதலில் வேடனாக வருவான், அப்புறம் வேங்கை மரமாக நிற்பான், அப்புறம் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்பான். கிழவன் வேடம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு. கம்பை ஊன்றி, இடுப்பை ஒடித்து, தலையையும் கையையும் கிடுகிடுவென ஆட்டிக்கொண்டு வந்தான். பிள்ளைகள் எல்லாம் ஒரே சிரிப்பு. சினிமாக் கிழவன் நடை.

வாத்தியார் பாட்டை நிறுத்தினார். கோபப்படவில்லை.

"ஏஞ்சாமி, நா இப்படியா நடக்கறேன்?"

பையன் முழித்தான். "இல்லீங்க அப்புச்சி."

"அப்பறம்? செத்த பாரு."

வகுப்பு வாசலிலிருந்து வேப்ப மரம் வரைக்கும் நடந்து காட்டினார். முதுகு நேராகத்தான் இருந்தது. படி வந்த இடத்தில் கையைத் தூணில் வைத்தார், ஒரு காலை இறக்கினார், அது தரையில் நன்றாகப் பதிந்த பிறகுதான் அடுத்த காலை எடுத்தார். கண் முன்னால் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தது. மரத்தடியில் திரும்பும்போது சட்டென்று திரும்பவில்லை. சின்னச் சின்னதாக நாலு எட்டு வைத்துத்தான் திரும்பினார்.

"கெழவன் நடுங்கறதில்ல கண்ணு. காலப் பாத்து வெக்கறான். விழுந்தா யாரு தூக்கறது?"

பையன் இரண்டாம் தடவை வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவனோடு படிக்கும் ஒரு பெண் பிள்ளை சொன்னாள்: "எங்க ஆத்தா இப்படித்தான்டா படி எறங்கும்." எனக்குத் தெரிந்து அந்த ஒரு பீரியடில் அந்த வகுப்பு முதுமையைப் பற்றிப் படித்ததை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிக் கொடுத்திருக்காது. பாதத்துக்குப் பூப்போட்டபோது யாரும் அந்தப் பாதத்தைப் பார்க்கவில்லை. கால் வைக்கிற விதத்தை உற்றுப் பார்க்க வைத்தது அந்த ஆட்டம்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வள்ளி கும்மிக்கு இப்போது கொங்கு நாட்டில் பெரிய மவுசு. ஆயிரக்கணக்கான பேர் கூடி ஆடுகிறார்கள். அதில் சில மேடைகளில் சாதிப் பெருமையும் ஏறிக்கொண்டது. சாதிக்குள்தான் கல்யாணம் என்று பெண்களை உறுதிமொழி எடுக்க வைத்ததுவரை போனது. மலைக் குறவர் வீட்டுப் பெண்ணைத் தேடி வந்து காதலித்துக் கைப்பிடித்த முருகன் கதையைப் பாடிக்கொண்டே இதைச் செய்வது எனக்கு வேதனையாக இருக்கிறது. அதனால்தான் அரசுப் பள்ளி மைதானத்தில் நடக்கும் கும்மியைப் பெரிதாக நினைக்கிறேன். அந்த வட்டத்தில் யார் வீட்டுப் பிள்ளை யார் பக்கத்தில் நிற்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மில் குடியிருப்பிலிருந்து வரும் பீகார்க் குழந்தை ஒன்றும் அதில் ஆடுகிறது. தமிழ்ப் பாடத்தில் திக்கினாலும் கும்மிப் பாட்டில் திக்குவதில்லை.

பெரியவர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்து வைப்பது வெளிநாடுகளில் முறைப்படுத்திய திட்டமாகவே நடக்கிறது. அமெரிக்காவில் 1990-களில் எக்ஸ்பீரியன்ஸ் கார்ப்ஸ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பால்டிமோர் நகரத்து ஆரம்பப் பள்ளிகளில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே பெரியவர்களின் உடம்பையும் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். முன்பு அதிகம் நடமாடாமல் இருந்தவர்கள் நடமாடத் தொடங்கியிருந்தார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 15 மணி நேரம். வருஷத்துக்கு ஒரு நாள் வந்து போவதில் உடம்பும் தேறாது, உறவும் ஒட்டாது. வாரா வாரம் "அப்புச்சி வருவாரு" என்று ஒரு வகுப்பு காத்திருந்தால், காய்ச்சல் விட்டதும் அவர் எழுந்து சட்டை போடுகிறார்.

பெரியவர் சொல்லிக் கொடுக்க, சின்னவர் கேட்டுக்கொள்ள என்று ஒரே திசையில் போனாலும் சலித்துவிடும். மகாராஷ்டிரத்தில் தாணே மாவட்டத்துப் பாங்கணே கிராமத்தில் 2016 மார்ச் 8 அன்று பாட்டிகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். ரோஸ் நிறச் சேலை சீருடை, தோளில் புத்தகப் பை. வீட்டுப்பாடம் எழுத உதவுவது பேரன் பேத்திகள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் தானாகவே அப்படி ஒன்று நடந்தது. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் காய்கறித் தோட்டத்துக்கு ஓர் ஆத்தா வருவார். காரமடைப் பக்கம் கறிவேப்பிலைக்குப் பேர் போனது. ஆத்தாவும் அந்தத் தோட்டங்களில் காலம் பூராவும் இலை அறுத்தவர். பாத்தி எப்படிக் கட்டுவது, கொழுந்து எப்போது கிள்ளுவது என்று காட்டுவார். அவருக்கு போனில் மகன் அனுப்பும் குரல் செய்தியைத் திறக்கத் தெரியாது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பச்சை நிறத்தை அழுத்து, அப்புறம் இந்த முக்கோணத்தை அழுத்து என்று பழக்கிவிட்டது. இரண்டாம் வாரம் ஆத்தாவே பதில் பேசி அனுப்பினார். அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் வாத்தியார்.

மண்ணும் முதுமையும் என்று பேசும்போது தேக்கம்பட்டி பாப்பம்மாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் காரமடை ஒன்றியத்து ஊர்தான் தேக்கம்பட்டி. மளிகைக் கடை நடத்திச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி, இயற்கை விவசாயம் செய்து, நூறு வயதைத் தாண்டியும் தோட்டத்தில் நின்றவர். 2021-ல் பத்மஸ்ரீ. 2024 செப்டம்பர் 27 அன்று காலமானார். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோடு அவருக்கு நெடுநாள் தொடர்பு இருந்தது. பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்த அருமை பக்கத்து நடுநிலைப் பள்ளிகளுக்கும் தெரிய வேண்டாமா? பாப்பம்மாளைப் போல விருது வாங்காத, ஆனால் கைநிறைய வித்தை உள்ள பெரியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட ஒரு தலைமையாசிரியையின் நல்ல மனசை மட்டும் நம்பியிருப்பது சரியில்லை. அவர் மாறுதலில் போய்விட்டால் அந்தப் பீரியடும் போய்விடும்.

2024-ல் பள்ளி மேலாண்மைக் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அப்படித்தான் நானும் உறுப்பினன் ஆனேன். அடுத்த கூட்டத்தில் எழுத்தில் கேட்கப் போவதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைப் பீரியடைத் தீர்மானமாகப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வருகிற பெரியவர்களுக்கு நிழலில் முதுகு சாய்கிற நாற்காலி வேண்டும், படியேறாமல் போகக்கூடிய கழிப்பறை வேண்டும். அப்புறம் பஸ் விஷயம். ஆத்தாவுக்கு மகளிர் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. வாத்தியாருக்கு உண்டு. நாலரை வண்டியைத் தவறவிட்டால் ஆட்டோவுக்கு வேறு கொடுக்க வேண்டும். தலைமையாசிரியை இத்தனை நாளும் தன் பணத்தைத்தான் மடித்து அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்புகிறார். அவரும் வேண்டாமென்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வாங்கிக்கொள்கிறார். அந்தக் கூலி குழுவின் கணக்கிலிருந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவருடைய சம்பளமாகவே போக வேண்டும்.