தண்ணீரும் உண்டு, தாளமும் உண்டு!

வெளிநாட்டுக்குப் புறப்படும் நம் ஊர்ப் பெண்களுக்கு இரண்டு கவலைகள் கட்டாயம் உண்டு. அங்கே என்ன சாப்பிடுவது என்பது ஒன்று. மற்றொன்றை வாய்விட்டுக் கேட்கவும் கூச்சம்: பாத்ரூமில் தண்ணீர் இருக்குமா?

2019-ம் வருஷம் மே மாதம் பிள்ளையைப் பார்க்க டோக்கியோவுக்குக் கிளம்பியபோது, எனக்கு மூன்றாவதாக ஒரு கவலையும் கூடவே வந்தது. என்னவர்தான்! ரிடையரான இரண்டு வருஷத்தில் அவரும் ஈஸிசேரும் ஒன்றாகிவிட்டார்கள். சர்க்கரை ஏறி, இடது தோள் இறுகி, சட்டை மாட்டக்கூட நான் வர வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்குத் தோள் இப்படிப் பிடித்துக்கொள்வது அதிகமாம். தேகப்பயிற்சி செய்யச் சொன்னால், "நான் என்ன ஓட்டப்பந்தயத்துக்கா போகப் போறேன்?" என்பார்.

முதலில் தண்ணீர் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் பொத்தானை அமுக்கினால் வெந்நீராகவே வருகிறது! 1980-ல் டோட்டோ கம்பெனி 'வாஷ்லெட்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்த சாதனமாம். நம்மவர்களுக்கென்றே கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது. ரயில் நிலையத்தில் ஒருநாள், சங்கீதக் குறி போட்டிருந்த ஒரு பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். சளசளவென்று அருவி கொட்டும் சத்தம். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை!

பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். "அது வெறும் சத்தம்தாம்மா!" உள்ளே நடப்பது வெளியே கேட்டுவிடுமோ என்று அந்த ஊர்ப் பெண்கள் தண்ணீரை மேலும் மேலும் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தார்களாம். தண்ணீர் வீணாகாமல் இருக்க, 1988-ல் அதே கம்பெனி சத்தத்தை மட்டும் எழுப்பும் கருவியைச் செய்தது. பெயர் 'ஒட்டோஹிமே', அதாவது ஓசை இளவரசி! கூச்சத்தில் அவர்களும் நம் அக்கா தங்கைகள்தான்.

இன்னொன்று. அங்கே பல பொது இடங்களில் கை துடைக்கக் காகிதம் கிடையாது. பெண்கள் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டு, அழகாக மடித்து வைத்துக்கொள்கிறார்கள். எனக்குத்தான் முந்தானை இருக்கிறதே!

சாப்பாட்டு விஷயத்தில் சைவக்காரர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். "இறைச்சி இல்லை" என்று சொல்லித் தரும் தெளிவான சூப்பிலும் 'தாஷி' இருக்கும். காய்ந்த மீனைச் சீவல் சீவலாகச் சீவிக் கொதிக்கவிட்ட சாறு அது. நம் கடலோரத்து மாசிக்கருவாட்டுக்குப் பங்காளி! நான் பிழைத்துக்கிடந்தது 'உமேபோஷி'யால். உமே என்ற காயை உப்பில் ஊறவைத்து, வெயிலில் காயவைக்கிற ஊறுகாய். ஒரு கடி கடித்தால் காது வரை புளிக்கும். கடையில் வாங்கிய தயிரில் சோற்றைப் பிசைந்து, இதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். வடுமாங்காய் நினைவு வந்துவிட்டது, போங்கள்!

இப்போது மூன்றாவது கவலை.

ஒருநாள் காலை ஆறரைக்கு, ஜன்னல் வழியாக பியானோ சத்தம் வந்தது. நம் ஊரில் அப்போது விடியற்காலை மூன்று மணி! வேடிக்கை பார்க்க இருவரும் இறங்கிப் போனோம். பக்கத்துப் பூங்காவில் முப்பது பேருக்கு மேல் இருக்கும், முக்கால்வாசிப் பேர் தாத்தா பாட்டிகள். பெஞ்சில் ஒரு ரேடியோ. அதில் வரும் தாளத்துக்கு எல்லோரும் கையை வீசி, குனிந்து, நிமிர்ந்து, குதிக்கிறார்கள். 'ரேடியோ தாய்ஸோ' என்ற இந்தப் பயிற்சி ஜப்பான் வானொலியில் 1928-ல் ஆரம்பித்ததாம். இன்று செய்கிற பதின்மூன்று அசைவுகள் 1951-ல் வந்தவை. மூன்று நிமிஷத்துக்குச் சற்றே கூட, அவ்வளவுதான்.

எண்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பாட்டி, இவரைக் கையைப் பிடித்து வரிசையில் நிறுத்திவிட்டார். மறுக்க இவருக்கு ஜப்பானிய பாஷை தெரிந்தால்தானே! வலது கை மேலே போயிற்று. இடது கை தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அவமானத்தில் இவர் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். பாட்டியும் பார்த்திருக்க வேண்டும். அடுத்த அசைவில் தம் கையையும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டு, இவரைப் பார்த்துத் தலையாட்டினார். 'இது போதும்' என்பதற்கு பாஷை எதற்கு?

மறுநாள் ஆறே காலுக்கு வாசலில் செருப்போடு நின்றது யார் என்கிறீர்கள்? என்னவரேதான்!

ஒரு மாதம் ஒருநாள் விடாமல் போனோம். திரும்பி வரும் அன்று, சட்டையின் இடது கையைத் தாமே மாட்டிக்கொண்டு, பொத்தானுக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார். கை இன்னும் முழுசாக மேலே போகவில்லை. டாக்டர் சொன்ன வைத்தியமும் நடக்கிறது. ஆனால் பிள்ளை போனில் பதிந்து கொடுத்த அந்த பியானோ எங்கள் மொட்டை மாடியில் தினமும் ஒலிக்கிறது. பக்கத்து வீட்டு மாமியும் சேர்ந்துகொண்டாயிற்று.

உங்கள் வீட்டிலும் ஒரு ஈஸிசேர் இருக்கிறதா? டாக்டரைக் கேட்டுக்கொண்டு, அவரோடு சேர்ந்து நீங்களும் ஆரம்பியுங்கள். அவர் கை பாதிதான் எழும்புகிறதா? உங்கள் கையையும் பாதியில் நிறுத்திக்கொள்ளுங்கள். மீதி தானே நடக்கும்.