பசங்க பாத்துப்பாங்க

பேரிடர் மீட்பு என்றதும் படகும் கயிறும்தான் நினைவுக்கு வரும். நான் செய்யும் பேரிடர் மீட்பில் யாரும் நனைவதில்லை. ஒரு ஊரில் ஓடும் கணினிகளை, அந்த ஊருக்கு ஆபத்து வரும்போது வேறொரு ஊரில் எழுப்பி ஓடவைக்க வேண்டும். ஃபெயிலோவர் என்போம்.

மெய்நிகர் கணினி தூக்கிச் செல்கிற பெட்டி அல்ல. பெரிய சர்வர் ஒன்றுக்குள் ஓடும் சில கோப்புகள், அவ்வளவுதான். எங்கள் சென்னைக் கணினிகளின் நகல்கள் ஹைதராபாத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். இங்கே நடக்கும் மாற்றங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அங்கே போய்ச் சேரும். சென்னை சட்டென்று அணைந்தால் அந்த ஐந்து நிமிடம் போனது போனதுதான். முன்பே தெரிந்தால் இங்கே முறையாக அணைத்து, கடைசி மாற்றத்தையும் அனுப்பிவிட்டு, அங்கே எழுப்பலாம். எதையும் இழக்க வேண்டாம்.

2023 டிசம்பர் 3 அன்று எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. மிக்ஜாம் புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. 62 கணினிகளையும் மாற்றிவிடுவது என்று மாலையில் முடிவானது. மேலாளர் என் மேசைக்கு வந்தார்.

"மேடம், மழை வலுக்குது. நீங்க கிளம்புங்க. மத்ததைப் பசங்க பாத்துப்பாங்க."

அவர் கெட்டவர் அல்ல. அதுதான் சிக்கல். தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவும் இப்படித்தான் அக்கறையோடு பேசியது: மாலை ஏழு மணிக்குமேல் பெண்கள் ஆலையில் இருக்கக் கூடாது. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. சட்டம் போனாலும் குரல் போகவில்லை. சம்பள உயர்வுக் கூட்டத்தில், புயல் இரவில் அலுவலகத்தில் இருந்தவர் யார் என்றுதான் கேட்பார்கள். இரவு என்னுடையதாக இருக்காது. பாதுகாப்பு மட்டும் என்னுடையது.

"சார், பசங்க கையில இருக்கிற காகிதம் நான் எழுதினது" என்றேன். "நானே இருந்து முடிச்சிடறேன்."

அந்தக் காகிதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு ஃபெயிலோவர் என்பது ஒரு பொத்தான். உண்மையில் அது ஒரு வரிசை. பெயர்களுக்கு முகவரி சொல்லும் சர்வரும், யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் சர்வரும் முதலில் எழ வேண்டும். பிறகு தரவுத்தளம், பிறகு மென்பொருள், கடைசியாக வாடிக்கையாளர் பார்க்கும் இணையப் பக்கம். வரிசை மாறினால் எல்லாமே எழுந்து நிற்கும், ஒன்றும் வேலை செய்யாது. பழைய முகவரியை வெளியுலகம் ஒரு நாள் முழுக்க நினைவில் வைத்திருக்கும். அந்தக் கெடுவை ஐந்து நிமிடமாகக் குறைக்கும் வேலையை முந்தின நாளே செய்திருக்க வேண்டும். செய்திருந்தேன். எல்லாவற்றையும்விட முக்கியம், இங்கே அணைந்ததை உறுதிசெய்யாமல் அங்கே எழுப்பக் கூடாது. ஒரே கணினி இரண்டு ஊரிலும் விழித்திருந்தால் இரண்டும் தனித்தனியாகக் கணக்கு எழுதத் தொடங்கிவிடும். பிறகு அதைச் சேர்ப்பது பாகப்பிரிவினை வழக்கைவிட மோசம்.

இதில் வீரம் எங்கே இருக்கிறது? ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தனியாக அடைத்த நெட்வொர்க்கில் நகல்களை எழுப்பிப் பார்த்து, எது முனகியது என்று குறித்து, காகிதத்தைத் திருத்தும் சலிப்பான வேலை அது. எங்கள் அணியில் அந்த வேலை எப்போதும் பெண்களிடம்தான் வரும். 'உங்க கையெழுத்து அழகா இருக்கும்' என்பதுபோல ஒரு காரணம். தட்டச்சில் என்ன கையெழுத்து?

பத்தரை மணிக்குக் கடைசிக் கணினியும் ஹைதராபாத்தில் எழுந்தது. வெளியே சாலையைக் காணவில்லை. இரண்டு இரவு அலுவலகத்தில் தங்கினேன். மகளைக் கணவர் பார்த்துக்கொண்டார். 'அவர் எப்படிச் சமாளித்தார்?' என்று வியந்தவர்கள், நான் எங்கே தூங்கினேன் என்று கேட்கவில்லை. தாழ்ப்பாள் இல்லாத கூட்ட அறையில், கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத் தூங்கினேன்.

வெள்ளம் வடிந்தபின் நகலெடுப்பைத் திசைதிருப்பி, ஹைதராபாத்தில் சேர்ந்ததையெல்லாம் சென்னைக்குக் கொண்டுவந்து, ஒரு சனிக்கிழமை இரவில் அத்தனையையும் திரும்ப இறக்கினோம். அதற்குப் பாராட்டு மின்னஞ்சல் வரவில்லை. திரும்பி வருவதை யாரும் பேரிடராக நினைப்பதில்லை.

அடுத்த ஒத்திகைக்கு, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமான பெண்ணின் பெயரை இரவுப் பொறுப்பில் போட்டிருக்கிறேன். அவளே கேட்டாள். காகிதத்தில் 'தரவுத்தளம்' வரிக்கு மேலே புதிதாக மூன்று வரிகள் சேர்த்தேன்: தாழ்ப்பாள் உள்ள அறை, இரவுச் சாப்பாடு, வண்டி எண். மேலாளர் அவற்றைத் தனிக் கோப்பில் வைக்கலாமே என்றார். வரிசை மாறக்கூடாது சார் என்றேன்.