கழுதையாவதும் ஒரு கல்வி

பயணச்சீட்டு, வாக்குச்சீட்டு, மருந்துச்சீட்டு, ஏலச்சீட்டு என்று நாள்தோறும் எத்தனையோ சீட்டுகளைக் கையில் ஏந்துகிறோம். எதற்கும் முகஞ்சுளிப்பதில்லை. ஆனால் சீட்டுக்கட்டு என்று சொல்லிப் பாருங்கள். அதுவும் ஐந்து வயதுக் குழந்தையின் கையில் என்று சொல்லிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களின் புருவம் உயர்ந்துவிடும்.

இந்த அச்சத்தை எள்ளி நகையாட நாம் விரும்பவில்லை. எம் தாயாரின் தந்தையார் ஊர்ச் சாவடியில் சீட்டாடியே ஒரு வயலை இழந்தவர். அந்த வயல் கைமாறிய ஆண்டில்தான் தாயாரின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஆகவே மகளுக்கு ஐந்து வயது நிறைந்த கோடை விடுமுறையில் நாம் ஒரு சீட்டுக்கட்டு வாங்கி வந்தபோது, தாயார் சினங்கொள்ளவில்லை. அன்றிரவு உணவும் கொள்ளவில்லை.

திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூது. ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். அங்கே பேசப்படுவது கவறு. சீட்டுக்கட்டு நம் நாட்டுக்கு வந்தது பல நூற்றாண்டுகள் கழித்து. அந்தக் கவற்றின் உறவுதான், பாட்டிமார் பேரப்பிள்ளைகளோடு திண்ணையில் உருட்டும் தாயக்கட்டை. அதை எவரும் பழிப்பதில்லை. உருட்டுவது ஒன்றே, நடுவில் பொருள் வைத்தால் சூது, வைக்காவிட்டால் விளையாட்டு. மறுநாள் இதைத் தாயாரிடம் எடுத்துரைத்தோம். நெடுநேரம் கழித்து ஒரு நிபந்தனை வந்தது: "காசு கூடாது. புளியங்கொட்டை வைத்தும் ஆடக் கூடாது. இன்றைக்குக் கொட்டை, நாளைக்குக் காசு."

அவர் அச்சம் பழங்கதையன்று. ஊர்ச் சாவடி இப்போது திறன்பேசிக்குள் வந்துவிட்டது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2022இல் சட்டம் இயற்றியது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை 2025இல் நாடாளுமன்றமும் நிறைவேற்றியது. இத்தகைய காலத்தில், பணமின்றியும் சீட்டு இனிக்கும் என்பதை ஒரு குழந்தை வீட்டிலேயே அறிந்துகொள்வது நல்லதென்றே நமக்குத் தோன்றுகிறது.

முதல் வாரம் ஆட்டமே இல்லை. கட்டைக் கவிழ்த்து, சிவப்பு ஒருபுறம் கறுப்பு ஒருபுறம் என்று பிரிக்கச் செய்தோம். பிறகு ஆர்ட்டின், டைமன், கிளாவர், ஸ்பேடு என்று நான்கு குவியல்கள். இச்சின்னங்களைக் குழந்தை விரல் வைத்து எண்ணலாம். எண்ணின் வடிவமும் அளவும் ஒரே அட்டையில் நிற்கின்றன. கிளாவர் என்ற பெயர் மகளுக்கு வேடிக்கையாக இருந்தது. டச்சு மொழியிலும் அந்தச் சின்னத்துக்கு அதுவே பெயர். மூவிலைத் தீவனச் செடி என்று பொருள். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வணிகம் செய்த டச்சுக்காரர் விட்டுச் சென்ற சொல்லாக அது இருக்கலாம்.

அடுத்தது ஜோடி சேர்த்தல். ஆறு இணைகளாகப் பன்னிரண்டு சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து, முறைக்கு இரண்டாகத் திறந்து பார்த்து, ஒரே எண் வந்தால் எடுத்துக்கொள்வது. மூன்றாம் நாளிலேயே மகள் நம்மை வென்றாள். நாம் விட்டுக்கொடுக்கவில்லை, எங்கே எது கிடந்ததென்று நமக்கு நினைவில்லை, அவ்வளவுதான்.

பின்னரே கழுதை ஆட்டம். சிறு கைக்குப் பதின்மூன்று சீட்டு பிடிபடாது. ஆதலால் நான்கு சின்னங்களிலும் இரண்டு முதல் ஏழு வரை எடுத்து, இருபத்துநான்கு சீட்டுகளோடு தொடங்கினோம். மூவர் ஆடினால் ஆளுக்கு எட்டு. ஒருவர் இறக்கும் சின்னத்தையே மற்றவரும் இறக்க வேண்டும். எல்லாரும் இறக்கினால் அவை ஒதுக்கப்படும். பெரிய எண் இறக்கியவர் அடுத்துத் தொடங்குவார். அச்சின்னம் இல்லாதவர் வேறொன்றைப் போட்டு வெட்டலாம். அப்போது பெரிய எண் போட்டிருந்தவர் கீழே கிடப்பதையெல்லாம் அள்ளிக்கொள்ள வேண்டும். கடைசிவரை கையில் சீட்டோடு நிற்பவர் கழுதை.

சதுரங்கத்தில் குழந்தை வெல்ல வேண்டுமானால் நாம் வேண்டுமென்றே தோற்றாக வேண்டும். அந்த நடிப்பைப் பிள்ளைகள் எளிதில் கண்டுகொள்வார்கள். சீட்டில் அந்த நடிப்புக்குத் தேவையில்லை. கைக்கு வருவது யாருடைய வயதையும் கேட்டு வருவதில்லை. கல்லூரி ஆசிரியரும் கழுதையாவார். தந்தை மெய்யாகவே தோற்பதையும், தோற்றபின் சிரித்துக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைப்பதையும் கண்ட பிறகுதான், தோற்றால் அழுதுகொண்டு எழுந்து போகும் வழக்கம் மகளிடம் குறைந்தது.

இன்னொன்றும் உண்டு. கையிலிருப்பது பிறர் அறியாதது. சின்னம் இருந்தும் இல்லையென்று வெட்டினால் அக்கணத்தில் எவருக்கும் தெரியாது. ஒரு மாலையில் மகள் அப்படித்தான் ஆர்ட்டின் இல்லையென்று வெட்டினாள். ஊஞ்சலில் அமர்ந்திருந்த தாயாருக்கு அவள் கைச்சீட்டுகள் நன்றாகத் தெரிந்தன. ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் இறங்கி வந்து பாயில் அமர்ந்து, "எனக்கும் போடு" என்றார். பிறகு பேத்தியிடம், "இல்லாததை இல்லையென்று சொல்லு. இருக்கிறதை இல்லையென்றால் அப்புறம் யார் உன்னோடு ஆடுவார்கள்?" என்றார். சீட்டுகளை விசிறிபோல் விரித்துப் பிடித்த அவர் விரல்களில் பழக்கம் தெரிந்தது. யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டோம். "எங்க அப்பாதான். ஆறு வயசிருக்கும். அப்போ காசெல்லாம் கிடையாது" என்றார்.

இப்போது நால்வர், ஆளுக்கு ஆறு சீட்டு. ஆட்டம் முடிந்ததும் எண்ணிக் கட்டில் சேர்ப்பது மகளின் பொறுப்பு. இருபத்துநான்கையும் பெட்டியிலிருக்கும் இருபத்தெட்டோடு சேர்த்து, ஐம்பத்திரண்டு சரியென்று சொன்ன பின்பே பாயைச் சுருட்டுகிறோம்.