தனுஷ்கோடியில் ஒரு பகல்

சென்ற கோடை விடுமுறையில் தனுஷ்கோடிக்குப் போனோம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் என்று படித்திருந்தும், என் மனக்கண்ணில் இருந்ததோ பாட்டி சொன்ன ஊர்தான்: ரயில் நிலையம், தபாலாபீஸ், தலைமன்னாருக்குப் போகும் கப்பல், பாட்டி புதுநன்மை வாங்கிய கோயில்!

போய்ப் பார்த்தால் கூரையில்லாத பவளக்கல் சுவர்கள், சங்குக் கடைகள், படம் பிடிக்கும் கூட்டம். "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று தம்பி முணுமுணுத்தான். எனக்கும் அதே எண்ணம்தான், வெளியே சொல்லவில்லை.

பாட்டி மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். "பீடம் இங்கே இருந்தது. நாங்கள் பெண்பிள்ளைகள் அந்தப் பக்கம் நின்றோம்" என்று வெறும் மணலைக் காட்டினார்கள். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் புயலுக்குத் தப்பினார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பாட்டி முழந்தாளிட்டார்கள். நானும் அருகில் முழந்தாளிட்டேன். மணல் சுட்டது.