ரசனை ஒரு டம்ளர், குடி இன்னொரு டம்ளர்

வடசென்னை என்றாலே குடி என்று சினிமாவில் காட்டுகிறார்கள், மேடையில் பேசுகிறார்கள். கல்லூரியில் "எந்த ஏரியா?" என்று கேட்டு, "திருவொற்றியூர்" என்றதும் ஒரு மாதிரி சிரித்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், தோழர்களே. அந்தச் சிரிப்புக்கு என்ன பதில் என்று என்னை யோசிக்க வைத்தது ஒரு பீர் பாட்டில்.

கப்பலில் வேலை பார்க்கும் ராயபுரத்து நண்பன் கொண்டுவந்தான். நியூகேஸில் பிரவுன் ஏல். 1927இல் இங்கிலாந்தின் நியூகேஸில் நகரில் அறிமுகமானது. "இது நம்மள மாதிரி ஹார்பர்காரங்க குடிச்சதுடா" என்று ஊற்றினான். கட்டஞ்சாயா நிறம். வறுத்த வேர்க்கடலை வாசம், கொஞ்சம் கருப்பட்டி இனிப்பு, கசப்பு குறைவு. முளைகட்டி வறுத்த பார்லி கொடுக்கும் நிறமும் ருசியும் அது. ஆல்கஹால் 4.7 சதவீதம்தான். இங்கே விற்கும் ஸ்ட்ராங் பீரைவிட மிகக் குறைவு.

நண்பன் சொன்னது சரிதான். நியூகேஸில் நிலக்கரி ஊர். அங்கே நிலக்கரி கொண்டுபோவது வீண் வேலை என்று ஆங்கிலத்தில் பழமொழியே உண்டு, நம் கொல்லன் தெரு ஊசி மாதிரி. சுரங்கத்திலும் கப்பல் கட்டும் தளத்திலும் உழைத்தவர்களின் பானமாகத்தான் இந்த ஏல் பெயர் வாங்கியது. பாட்டிலின் மேல் ஊரின் பெயரே இருக்கிறது. அதற்காக அந்த ஊர் வெட்கப்படவில்லை.

ஆனால் அந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் நியூகேஸில் நிலக்கரி கப்பலில் லண்டனுக்குப் போனது. அதை இறக்கிய தொழிலாளிகளுக்கு வேலை பிடித்துக் கொடுத்தவர்களில் பலர் மதுக்கடைக்காரர்கள். அவர்கள் கடையில் குடித்தால்தான் வேலை. குடித்த கணக்கைக் கழித்துத்தான் கூலி. மதுக்கடையில் வைத்துக் கூலி கொடுக்கக் கூடாது என்று பிரிட்டனில் பொதுச் சட்டம் வந்தது 1883இல்தான். அங்கேயும் உழைப்பாளியைத்தான் குடிகாரன் என்றார்கள். கூலியும் கடையும் ஒரே கையில் இருந்ததைச் சட்டம் தொட அவ்வளவு காலம் ஆனது.

எண்ணூருக்கு வாருங்கள். 2001 முதல் இயங்கும் காமராசர் துறைமுகம் முதலில் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கத்தான் கட்டப்பட்டது. கரித்தூளும் சாம்பலும் நம் மக்கள் மூச்சில் போகிறது. ஷிப்ட் முடித்து வரும் காண்டிராக்ட் தொழிலாளி கூலியில் ஒரு பங்கைக் கொடுப்பது டாஸ்மாக்கில். 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் கையில். 2023-24இல் அதில் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இவ்வளவு பணம் யார் பையிலிருந்து வருகிறது என்பதைப் பேசாமல், "அந்த ஜனங்களே அப்படித்தான்" என்கிறார்கள்.

லண்டன் தொழிலாளிக்கு இல்லாத ஒன்று இங்கே சேர்கிறது. சாதி. ஸ்டார் ஹோட்டலில் ஒருவர் பிரவுன் ஏல் குடித்தால் அது ரசனை. புளியந்தோப்பிலோ எண்ணூரிலோ ஒருவர் குவார்ட்டர் அடித்தால் அது அவருடைய பிறவிக் குணம். டீக்கடையில் தனி டம்ளர் வைப்பதை 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் குற்றம் என்கிறது. சொல்லில் வைக்கும் தனி டம்ளரை அவ்வளவு எளிதாகச் சட்டத்தில் பிடிக்க முடிவதில்லை.

குடியை நான் நியாயப்படுத்தவில்லை. நம் தெருவில் குடியால் தாலி அறுந்த அக்காக்களை எனக்குத் தெரியும். மதுவை எதிர்த்து முதலில் தெருவில் உட்காருகிறவர்களும் அவர்கள்தான். அவர்கள் கேட்பதையே நாமும் கேட்போம்: கூலி எவ்வளவு? கரித்தூளுக்கு மாஸ்க் யார் தருவது? பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் மதுக்கடை மட்டும் எப்படி வந்தது?

அடுத்த முறை யாராவது சிரித்தால் தலை குனியாதீர்கள். இந்தக் கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள்.