தென்னை சாய்ந்த கடைமடையில்

பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி நோக்கிச் செல்லும்போது சாலையின் இருமருங்கிலும் தென்னந்தோப்புகளைக் காண்கிறோம். உற்று நோக்கினால், ஓங்கி வளர்ந்த முதுமரங்கள் ஆங்காங்கே தனித்து நிற்க, அவற்றின் நடுவே இளமரங்கள் வரிசை வரிசையாய் நிற்பது புலப்படும். அவற்றின் வயதை எவரிடமும் கேட்க வேண்டுவதில்லை. 2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலுக்குப் பின் ஊன்றப்பட்டவை அவை.

இது கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி. 1934இல் மேட்டூர் அணையோடு பயனுக்கு வந்த அக்கால்வாயை மக்கள் இன்றும் ‘புது ஆறு’ என்றே அழைக்கின்றனர். தண்ணீர் உரிய காலத்தில் வந்து சேராத ஆண்டுகள் பெருகவே, பலர் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறினர். தென்னங்கன்றைப் ‘பிள்ளை’ என்பது நம் வழக்கு. நெட்டை இனம் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். காய்க்கத் தொடங்கினால் இரண்டு தலைமுறைக்குச் சோறு போடும்.

அப்பிள்ளைகளின் இழப்புக்கு அரசு விலை குறிக்க வேண்டியதாயிற்று. பேரிடர் நிவாரண நிதிக்கென மத்திய அரசு அந்நாளில் வகுத்திருந்த அளவு, பல்லாண்டுப் பயிருக்கு எக்டேருக்கு 18,000 ரூபாய்; அதுவும் இரண்டு எக்டேர் வரையே. நெல் வயலையும் தென்னந்தோப்பையும் ஏறக்குறைய ஒரே தட்டில் நிறுத்த முயன்ற அளவு அது. தமிழக அரசோ மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் என அறிவித்தது. எக்டேருக்கு 175 மரம் எனக் கொண்டால் 1,92,500 ரூபாய். இழப்புக்கு ஈடன்று எனினும், நன்றியோடு நினைக்கத் தக்கதே. மின்சாரமும் பாதையும் அற்ற நாள்களில் சாய்ந்த மரங்களை எண்ணித் திரிந்த கிராம நிர்வாக அலுவலர்களின் உழைப்பையும் நாம் மறத்தலாகாது.

ஆயினும் பணம் பட்டாவின் வழியே செல்வது. “பட்டா அப்பா பேரிலேயே இருந்துச்சு, சாமி. தம்பி திருப்பூர்ல. கையெழுத்துக்கு அலையவே மூணு மாசம் ஆயிடுச்சு” என்றார் ஒரு பெரியவர். அவராவது உரிமையாளர். வாய்மொழிக் குத்தகையில் தோப்பைப் பேணியவருக்குச் சிட்டாவும் இல்லை, அடங்கலில் பெயரும் இல்லை. மரமேறிக்கும், கயிறு திரிக்கும் பெண்ணுக்கும் தென்னை நிவாரணக் கணக்கில் இடமே இல்லை.

வயலின் ஓரத்தையும் சிந்திய கதிரையும் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்குமாறு லேவியர் நூல் பணிப்பதை நாம் அறிவோம். நிலமற்ற ரூத்து பிழைத்தது அச்சட்டத்தால்தான். தமக்கு வந்த தொகையில் பாதியைக் குத்தகைக்காரரிடம் தாமே கொண்டுபோய்க் கொடுத்த நிலத்துக்காரர் இருவரை இப்பயணத்தில் சந்தித்தோம். இருவரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

குத்தகை உரிமையை ஏட்டில் பதிந்துகொள்ள 1969ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் சட்டம் வந்துவிட்டது. அவ்வாறு பதிந்துகொண்டவர் எவரையும் நாம் சென்ற ஊர்களில் காணவில்லை. காரணம் கேட்டால், குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நிலத்துக்காரர் மனசு கோணிடுமே, சாமி” என்கின்றனர்.